நாள்பட்ட நோயாளிகளுக்கு உதவும் அமைப்பில் தன்னார்வலராக வேலை செய்வது எப்படி

நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்காக இயங்கும் தொண்டு அமைப்புகளில் அடிக்கடி நடப்பது இது: புதிதாக வருகிறவர் முதல் மாதம் ஓடி ஓடி உழைக்கிறார், மூன்றாவது மாதம் ஆளைக் காணோம். காரணம் சோம்பல் அல்ல. வெள்ளம், விபத்து போன்ற நெருக்கடியில் உதவப் போனால் அதற்கு ஒரு முடிவு உண்டு. முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி விறைக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்), லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்), பார்க்கின்சன் (நடுக்கமும் நடைத் தடுமாற்றமும் தரும் நரம்பு நோய்), சிறுநீரகச் செயலிழப்பு போன்றவற்றுக்கு அப்படி ஒரு நாள் வருவதில்லை. நீங்கள் ஆறு மாதம் பழகிய பிறகும் நோய் அங்கேயேதான் இருக்கும்; சில வாரம் இன்னும் மோசமாகக்கூட இருக்கும். "நம்மால் ஒன்றுமே மாறவில்லையே" என்ற சலிப்புதான் ஆளை விரட்டுகிறது. சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், தவறாமல் வருகிற ஒருவராக இருப்பதே இந்த வேலையில் முக்கால்வாசி என்று புரிந்துகொண்டு வந்தால் அந்தச் சலிப்பு பாதி குறையும்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

அமைப்பு பதிவு பெற்றதா, ஆண்டுக் கணக்கை வெளியிடுகிறதா என்று பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். நோய் சார்ந்த அமைப்பு என்றால் கூடுதலாகச் சிலவற்றைக் கேட்க வேண்டும். அமைப்பின் மருத்துவத் தகவல்களை எழுதுவது யார், சரிபார்ப்பது யார், கடைசியாக எப்போது திருத்தினார்கள்? மருந்து அல்லது கருவி நிறுவனங்களிடம் பணம் வாங்குகிறார்களா? வாங்குவது தவறல்ல, மறைப்பதுதான் தவறு. நிர்வாகக் குழுவில் நோயாளிகள் இருக்கிறார்களா? தன்னார்வலருக்கு என்று தனியாக ஓர் ஒருங்கிணைப்பாளர் உண்டா, அவரை மாலையிலும் விடுமுறை நாளிலும் பிடிக்க முடியுமா?

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. பிரச்சினைகள் அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை என்பதால் அதற்குத்தான் அதிக எடை கொடுக்க வேண்டும். சத்து மாவு, மூலிகைக் குளிகை, "நோயைக் குணப்படுத்தும்" இயந்திரம் எதையாவது அமைப்பே விற்கிறது என்றால், எவ்வளவு நல்ல மனிதர்கள் நடத்தினாலும் விலகி நில்லுங்கள்.

அமைப்பும் உங்களைச் சோதிக்கும்: அடையாளச் சான்று, இரண்டு பேரின் பரிந்துரை, வீடுகளுக்குப் போகும் வேலை என்றால் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு. இவை எதையும் கேட்காமல் அன்றைக்கே ஒரு நோயாளியின் முகவரியை உங்கள் கையில் கொடுத்தால் சந்தோஷப்படாதீர்கள். உங்களிடம் எப்படியோ அப்படித்தான் மற்ற எல்லோரிடமும் நடந்துகொள்வார்கள்.

எந்த வேலை, எத்தனை மணி நேரம்

தொலைபேசியில் வாராவாரம் பேசுவது, வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, மருத்துவமனைக்குத் துணையாகப் போவது, ஆதரவுக் குழுக் கூட்டம் நடத்துவது, நிதி திரட்டுவது, அலுவலகத்தில் கடிதமும் கணக்கும் பார்ப்பது என்று வேலைகள் பல வகை. நோயாளியோடு நேரடியாகப் பேசுவதே உயர்ந்தது, தரவுகளைப் பதிவேற்றுவது தாழ்ந்தது என்று ஒரு எண்ணம் உண்டு. அதில் அர்த்தமில்லை. புதுப்பிக்காத தொலைபேசிப் பட்டியலால் கூட்டம் ரத்தானது தெரியாமல், வலியோடு இரண்டு பேருந்து மாறி வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு.

வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தில் ஆரம்பியுங்கள். மூன்று மாதம் அதைத் தாண்ட வேண்டாம். எவ்வளவு கொடுக்க முடியும் என்று மனம் சொல்கிறதோ அதில் பாதியை மட்டும் வாக்குக் கொடுங்கள். ஐந்து மணி நேரம் என்று சொல்லி மூன்றாகக் குறைத்தால், தன்னிடம்தான் ஏதோ குறை என்று நோயாளி எடுத்துக்கொள்வார். நண்பர்கள் ஒவ்வொருவராக விலகிப் போனதைப் பார்த்தவருக்கு அந்தச் சந்தேகம் எளிதாக வரும்.

தொலைபேசியில் பேசும்போது

வெளியில் இருந்து பார்த்தால் இதுதான் சுலபம் போலத் தெரியும். நடைமுறையில் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

நாளும் நேரமும் மாறக்கூடாது. ஓர் அழைப்புக்கு 30 நிமிடம். அமைப்பின் எண்ணில் இருந்தே அழையுங்கள். சொந்த எண்ணைக் கொடுத்தால் இரவு பதினொரு மணிக்கும் அழைப்பு வரும், எடுக்காவிட்டால் உங்களுக்குக் குற்ற உணர்வு, அவருக்கு மனத்தாங்கல். அழைக்கும் முன் போன வாரக் குறிப்பை ஒரு நிமிடம் பாருங்கள். "போன வாரம் ஸ்கேன் எடுக்கணும்னு சொன்னீங்களே, எடுத்தாச்சா?" என்று ஆரம்பித்தால் மீதியை அவரே பேசுவார்.

"எப்படி இருக்கீங்க?" என்பது பயன்படாத கேள்வி. "ஏதோ இருக்கேன்" என்ற பதிலோடு அது முடிந்துவிடும். நாளைப் பிரித்துக் கேளுங்கள்: "ராத்திரி தூங்க முடிஞ்சுதா?", "இந்த வாரத்துல கொஞ்சம் நல்லா இருந்த நாள் எது?" அதேபோல, "பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க" என்ற வாக்கியத்தை அடியோடு மறந்துவிடுங்கள். வெளியே தெரியாத நோயோடு வாழ்கிறவர் அதைத் தினமும் கேட்டுச் சலித்தவர். பாராட்டாக நீங்கள் சொன்னது அவர் காதில் "நடிக்கிறீர்கள்" என்றுதான் விழும். "எங்க பெரியம்மாவுக்கும் இதே நோய்தான், அவங்க நடந்தே சரி பண்ணிட்டாங்க" என்பதும் அப்படித்தான்.

வலியைப் பற்றிச் சொல்லிவிட்டு அவர் நிறுத்தினால் உடனே தீர்வு தேடாதீர்கள். இப்படிப் போகலாம்:

"நேத்து சட்டைப் பட்டன்கூடப் போட முடியலைங்க."
"பட்டன் போட முடியலையா…"
"ஆமா. பையன் வந்து போட்டுவிட்டான். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

பட்டன் போட உதவும் கொக்கி கடையில் கிடைக்கிறது என்ற தகவல் உங்கள் நாக்கு நுனியில் நிற்கும். பொறுங்கள். அவர் பேசியது பட்டனைப் பற்றி இல்லை. கொக்கி விஷயத்தைப் பத்து நிமிடம் கழித்துச் சொன்னாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

25ஆவது நிமிடத்தில் "இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு, வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேளுங்கள். முக்கியமான விஷயத்தைப் பலர் அந்தக் கடைசி ஐந்து நிமிடத்துக்குத்தான் வைத்திருப்பார்கள். முடித்ததும் நான்கைந்து வரிகளில் குறிப்பு எழுதுங்கள்: தேதி, என்ன பேசினோம், அடுத்த முறை கேட்க வேண்டியது, ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிய வேண்டியது. உங்கள் ஊகங்கள் வேண்டாம். அந்தக் குறிப்பை ஒரு நாள் அவரே படிக்கக்கூடும் என்று நினைத்து எழுதினால் நடை தானாகச் சரியாகிவிடும்.

அவர் எடுக்கவில்லை என்றால் 15 நிமிடம் கழித்து ஒருமுறை, ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை. அப்போதும் எடுக்காவிட்டால் ஒருங்கிணைப்பாளருக்குச் சொல்லிவிடுங்கள். அக்கம்பக்கத்தில் விசாரிப்பதை நீங்களாகச் செய்யக்கூடாது. தனக்கு இன்ன நோய் என்று அவர் யாரிடமும் சொல்லாமல் இருக்கலாம்.

வீட்டுக்குப் போகும்போது

உங்களுக்குச் சளி, காய்ச்சல், தொண்டை வலி எது இருந்தாலும் போகாதீர்கள். முடக்குவாதத்துக்கும் லூபஸுக்கும் தரும் பல மருந்துகள், மாற்று உறுப்பு பொருத்தியவர்களும் கீமோதெரபி எடுப்பவர்களும் சாப்பிடும் மருந்துகள் எல்லாமே நோயெதிர்ப்பைக் குறைப்பவை. உங்களுக்கு மூன்று நாள் தும்மல். அவருக்கு மருத்துவமனைப் படுக்கை. வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை போக வேண்டாம். உங்கள் வீட்டில் யாருக்காவது சின்னம்மை என்றால், உங்களுக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். உள்ளே போனதும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். செண்ட், வாசனைத் தைலம், புகைப் பழக்கத்தின் நெடி மூன்றும் வாசலுக்கு வெளியே. மூச்சுத் தடை நோய் உள்ளவருக்கு அந்த நெடி ஒன்றே அன்றைய நாளைக் கெடுத்துவிடும்.

வீட்டில் ஆக்சிஜன் வைத்திருந்தால் குறைந்தது 3 மீட்டருக்குள் நெருப்பு, தீக்குச்சி, விளக்கு எதுவும் இருக்கக்கூடாது. மூக்கு, உதடு வறட்சிக்கு வாசலின் போன்ற பெட்ரோலியம் கலந்த களிம்பைத் தடவி விடாதீர்கள். ஆல்கஹால் கலந்த கைச் சுத்திகரிப்பானைப் பூசினால் கை முழுக்கக் காய்ந்த பிறகுதான் குழாயைத் தொட வேண்டும்.

நேரம் குறிப்பதிலும் நோய் அறிந்து குறிக்க வேண்டும். முடக்குவாதத்தில் காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கலாம்; காலை எட்டு மணிக்குக் கதவைத் தட்டினால் அவர் எழுந்து வந்து திறப்பதே தண்டனை. கையைப் பிடித்து அழுத்திக் குலுக்குவதும் வேண்டாம். பார்க்கின்சன் உள்ளவரின் நிலை மருந்தின் நேரத்தோடு ஏறி இறங்கும். அடுத்த வேளை மருந்துக்குச் சற்று முன்பு அவருக்குப் பேச்சும் நடையும் மெதுவாகலாம், ஆகவே எந்த நேரம் வசதி என்று அவரிடமே கேளுங்கள். நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிட்டால் இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். நின்று, மூச்சு விட்டு, "ஒண்ணு, ரெண்டு" என்று தாளம் சொன்னால் பலருக்குக் கால் நகரும். ரத்த டயாலிசிஸ் செய்பவருக்குப் பெரும்பாலும் வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் போய்விடும், அன்று மாலை பேசக்கூடத் தெம்பு இருக்காது. ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையைப் பிடித்துத் தூக்கவோ, அதில் பையை மாட்டவோ கூடாது.

எம்.இ./சி.எஃப்.எஸ். எனப்படும் நாள்பட்ட சோர்வு நோயைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு அதிகம் கெடுதல் செய்வது இங்கேதான். நீங்கள் இருக்கும்போது அவர் சிரித்துப் பேசுவார், இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. அதற்கான விலை 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் தெரியும். பிறகு நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் படுக்கை. "கொஞ்சம் வெளியே நடந்தா தெம்பு வரும்" என்று தூண்டாதீர்கள். முதல் சந்திப்பை 20 நிமிடத்தில் முடியுங்கள். மூன்று நாள் கழித்து எப்படி இருந்தது என்று கேட்டு, அடுத்ததை அதற்கேற்பக் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள்.

தின்பண்டமோ பழமோ வாங்கிக்கொண்டு போகும் ஆசையை அடக்குவது நல்லது. சிறுநீரகம் பழுதானவருக்கு வாழைப்பழத்தின் பொட்டாசியமே சுமை. நட்சத்திரப் பழம் அவருக்கு மூளையையே பாதிக்கும் நஞ்சு. "உப்புக்குப் பதில் உப்பு" என்று விற்கும் குறைந்த சோடிய உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. டயாலிசிஸ் செய்கிறவர் குடிக்கும் தண்ணீருக்கே அளவு உண்டு என்பதால் "இன்னொரு டம்ளர் குடிங்க" என்ற உபசாரமும் வேண்டாம்.

மருந்தைப் பற்றிப் பேச்சு வந்தால்

வராமல் இருக்காது. "இந்த ஸ்டீராய்டு வேண்டாம்னு தோணுது, நிறுத்திடலாமா?" என்று கேட்பார்கள். உங்கள் பதில் எப்போதும் ஒன்றுதான்: "அதை நான் சொல்லக்கூடாது. டாக்டர்கிட்ட கேட்க வேண்டியதை இப்பவே எழுதிக்கலாமா?" இது அமைப்பு தன்னைக் காத்துக்கொள்ளப் போட்ட விதி மட்டும் அல்ல. பல வாரம் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால், அதுவரை ஓய்ந்திருந்த அட்ரீனல் சுரப்பியால் உடனே ஈடுகொடுக்க முடியாமல் உயிருக்கே ஆபத்து வரலாம். வலிப்பு மருந்தைச் சட்டென்று விட்டால் வலிப்புத் தொடராக வரலாம். நீங்கள் "பக்கவிளைவு அதிகமாமே" என்று பேச்சுவாக்கில் சொன்ன ஒரு வாக்கியம் போதும், அன்றிரவு மாத்திரை குப்பைக்குப் போய்விடும்.

"இயற்கையானது" என்பதற்காக எதையும் பரிந்துரைக்கவும் வேண்டாம். மாற்றுச் சிறுநீரகம் நிராகரிக்கப்படாமல் இருக்கச் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை கிரேப்ஃப்ரூட் பழம் ரத்தத்தில் உயர்த்திவிடும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை அதைக் குறைத்துவிடும்.

நீங்கள் செய்யக்கூடியது வேறு. மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் ஒரு தாள் தயாரிக்க உதவுங்கள்: சாப்பிடும் மருந்துகள், அளவு, நேரம், போன தடவைக்குப் பிறகு மாறியது என்ன, கேட்க வேண்டிய மூன்று கேள்விகள், முக்கியமானது மேலே. பத்துக் கேள்வி எழுதினால் முக்கியமானது ஒன்பதாவது இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதற்குள் நேரம் முடிந்துவிடும். அறைக்குள் துணைக்குப் போனால் நீங்கள் எழுத்தர் மட்டுமே. மருத்துவர் உங்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்தால் பார்வையை நோயாளி பக்கம் திருப்புங்கள், அவரும் திரும்புவார்.

ஆதரவுக் குழுக் கூட்டம்

எட்டு முதல் பன்னிரண்டு பேர், 90 நிமிடம், நடுவில் பத்து நிமிட இடைவேளை, நடத்துவதற்கு இரண்டு பேர். இரண்டு பேர் ஏன் என்றால், ஒருவர் அழுதுகொண்டு வெளியே போனால் ஒருவர் கூடப் போக வேண்டும், இன்னொருவர் குழுவோடு இருக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக் குழுவினர் உருவாக்கிய, தன் நோயைத் தானே சமாளிக்கக் கற்றுத்தரும் சுயமேலாண்மைப் பயிற்சியும் இரண்டு பேர் நடத்துவதுதான்: வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேரம், ஆறு வாரம், நடத்துபவர்களில் ஒருவராவது நாள்பட்ட நோயோடு வாழ்கிறவர்.

இடத்தை முதல் நாளே போய்ப் பாருங்கள். கைப்பிடி உள்ள நாற்காலிகள் வேண்டும், கைப்பிடி இல்லாவிட்டால் மூட்டு வலிக்காரரால் எழ முடியாது. கழிவறை எத்தனை அடி தூரம், சக்கர நாற்காலி உள்ளே திரும்புமா? லிஃப்ட் அன்றைக்கு ஓடுமா? மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவருக்குச் சூடு ஏறினால் அறிகுறிகள் கூடும், லூபஸ் உள்ள பலருக்கு வெயில் ஆகாது. ஜன்னலோர வெயிலில் வட்டம் போடாதீர்கள். படுத்துக்கொண்டு கேட்க விரும்புகிறவருக்கு ஒரு பாய் அல்லது கட்டில் ஓரமாக இருந்தால் வராமல் போகிற இரண்டு பேர் வருவார்கள்.

கூட்டம் கெடுவது பெரும்பாலும் ஒரே ஆள் பேசிக்கொண்டே போவதால். ஆரம்பத்திலேயே "ஒருத்தருக்கு மூணு நிமிஷம், நான் கையைத் தூக்கினா அடுத்தவருக்கு" என்று சொல்லிவிட்டால் பின்னால் நிறுத்துவது அவமானமாகத் தெரியாது. இன்னொரு தொல்லை, யாருக்கு நோய் மோசம் என்ற மௌனப் போட்டி. அது தலைகாட்டினால் பேச்சை அனுபவத்தில் இருந்து உத்திக்குத் திருப்புங்கள்: "படியேறுறதை நீங்க எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீங்க?" புதிதாக நோய் கண்டறியப்பட்டவரை இருபது வருடமாக அவதிப்படுகிறவருக்குப் பக்கத்தில் முதல் நாளே உட்கார வைக்காதீர்கள். பயந்துபோய் அடுத்த முறை வரமாட்டார்.

அவசரம் என்றால்

இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவருக்குத் திடீரென்று வியர்வை, நடுக்கம், குழப்பம் வந்தால் சர்க்கரை குறைந்திருக்கலாம். கருவியில் 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே காட்டினால், அல்லது பார்க்க வழியில்லை என்றால், 15 கிராம் குளுக்கோஸ் அல்லது ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள்.

வலிப்பு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். தலைக்குக் கீழே மென்மையான ஏதாவது, சுற்றியுள்ள பொருள்களை விலக்குதல், அசைவு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தல். வாயில் கரண்டியோ துணியோ, கையில் சாவியோ இரும்போ எதுவும் வேண்டாம். அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலோ ஆம்புலன்ஸ்.

"இனிமே இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சைக் கேட்டால் தலைப்பை மாற்றிவிடாதீர்கள். நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுடலாம்னு நினைக்கிறீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பலருக்கு யாரோ ஒருவர் கேட்டதே ஆறுதல். ஆம் என்றால் எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா என்று கேளுங்கள். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். திட்டம் இருக்கிறது என்றால் தனியே விட்டுவிட்டு வராதீர்கள், தொலைபேசி என்றால் இணைப்பைத் துண்டிக்காமல் இன்னொரு எண்ணில் இருந்து ஒருங்கிணைப்பாளரையும் அவசர உதவியையும் அழையுங்கள். திட்டம் இல்லை என்றாலும் அன்றைக்கே ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிய வேண்டும்.

பணம், படம்

கடன் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. நோயாளியின் வங்கி அட்டையும் ரகசிய எண்ணும் உங்கள் கைக்கு வரவே கூடாது. கடையில் ஏதாவது வாங்கிக் கொடுத்தால் ரசீதும் மீதியும் அன்றே. உண்டியல் பணத்தை எண்ணுவது எப்போதும் இரண்டு பேர், முத்திரையை உடைப்பதும் இருவர் முன்னால். புகைப்படம் எடுக்கும் முன் சம்மதம் எழுத்தில் வேண்டும், எங்கே போடப்போகிறோம் என்பதும் அதில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் பெயரும் நோயும் சேர்ந்து வரும் செய்தி எதுவும் போகக்கூடாது.

நீங்களும் நோயாளி என்றால்

இந்த அமைப்புகளின் முதுகெலும்பே நோயோடு வாழும் தன்னார்வலர்கள்தான். ஆனால் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் மோசமான வாரத்தை அளவுகோலாக வையுங்கள், நல்ல வாரத்தை அல்ல. பொறுப்பை இன்னொருவரோடு ஜோடியாக எடுத்துக்கொள்ளுங்கள்; காலையில் "இன்னிக்கு முடியல" என்று ஒரு செய்தி அனுப்பினால் அவர் தொடர வேண்டும், விளக்கம் கேட்கக்கூடாது. உங்கள் அனுபவத்தை இரண்டு மூன்று வாக்கியத்தோடு நிறுத்துங்கள். உங்களுக்குப் பலித்த மருந்து அவருக்கும் பலிக்கும் என்ற தொனி வந்துவிட்டால், அது மருத்துவ ஆலோசனை ஆகிவிடுகிறது. உங்கள் நோயைப் போலவே இருந்து, உங்களைவிட வேகமாக முற்றுகிறவரைக் கவனிக்கும் வேலையை மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. அதை ஒருங்கிணைப்பாளரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

விலகும்போது

எல்லோரும் ஒரு நாள் விலகுவார்கள். குறைந்தது நான்கு வாரம் முன்பே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். நோயாளியிடம் மூன்று வாரம் முன்பு, நீங்களே, உங்கள் வாயால். காரணத்தை ஒரு வாக்கியத்தில் உள்ளபடி சொன்னால் போதும். "அப்பப்போ கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டுக் கூப்பிடாமல் இருப்பதைவிட, சொல்லாமல் இருப்பது மேல். இரண்டாவது வாரம் புதியவரை அழைப்பில் சேர்த்து மூன்று பேராகப் பேசுங்கள். மூன்றாவது வாரம் புதியவர் பேசட்டும், நீங்கள் கடைசி ஐந்து நிமிடம் மட்டும். குறிப்புகளை ஒப்படைத்துவிட்டு, உங்கள் தொலைபேசியிலும் கணினியிலும் உள்ள பெயர், எண், படங்களை அழித்துவிட்டு, அழித்ததாக ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.